களிமண் பூமியில வெடிச்ச காங்கிரீட்டுக்கு முதல்ல மண்ணைப் பாருங்க, அப்புறம் கலவையைப் போடலாம்

நீங்க கேட்டதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். கடும் வெயில் அடிக்கிற ஊரு, சுத்தி களிமண். வீட்டு முன்னாடி வண்டி நிறுத்துற காங்கிரீட் தரை ரெண்டா வெடிச்சு ஒரு பக்கம் இறங்கியிருக்கு, வாசப்படி சுவரை விட்டு விலகி நிக்குது, மூலை ரூம்ல ஜன்னல் ஓரமா சாய்வா ஒரு விரிசல் ஓடுது, சன்ஷேடுக்கு அடியில காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியுது. சிமெண்ட் வெச்சுப் பூசிப் பாத்தீங்க, அடுத்த கோடைக்கே அதே இடத்துல திறந்துகிச்சு. இப்ப எந்த கெமிக்கல் நல்லதுன்னு கேக்குறீங்க.

கெமிக்கல் பேரு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வாங்கிக்கங்க, நீங்க சொன்ன நாலும் ஒரே வியாதி இல்ல. தரையும் படியும் ஜன்னல் விரிசலும் மண்ணு ஆடுறதால வந்தது, சன்ஷேடு மட்டும் கம்பி துருப்பிடிச்சு வந்தது. மண்ணு ஆடுறதை நிறுத்தாம மேல எவ்வளவு விலை ஒசந்த சரக்கைப் பூசினாலும் நிக்காது. உங்க பூச்சு கழண்டதுக்கு சிமெண்ட் காரணம் இல்ல, பூசின நேரமும் பூசின முறையும்தான் காரணம்.

முதல்ல மண்ணு என்ன பண்ணுதுன்னு பாப்போம், ஏன்னா இது புரிஞ்சா மிச்சம் பாதி வேலை தானா புரிஞ்சுடும். இந்த மாதிரி களிமண்ல மான்ட்மோரில்லோனைட்னு ஒரு கனிமம் இருக்கும், பிரான்ஸ்ல மான்ட்மோரியோன்ங்கிற ஊர் பேர்ல இருந்து வந்த பேரு. அது சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிசு மெல்லிசா அடுக்கு அடுக்கா இருக்கும், தண்ணி அந்த அடுக்குகளுக்கு நடுவுல பூந்துடும், பூந்தா மண்ணு உப்பும், காஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். மணல் பூமியில தண்ணி துகளுக்கு நடுவுல இருக்குற காலி இடத்துல மட்டும் நிக்கும், அதனால மணல் இப்படி உப்பாது. உப்புறப்ப இந்த மண்ணு மேல தள்ளுற பலம் சாதாரணம் இல்லைங்க, ஒரு மாடி வீட்டு ஓரத்தையே தூக்கிடும். நடைபாதை, வாசப்படி, காம்பவுண்ட் சுவர், வண்டி நிறுத்துற தரை இதுக்கெல்லாம் எடை ரொம்பக் கம்மி, அதனாலதான் வீடு பாக்க ஒழுங்கா நிக்கிறப்பவே இதெல்லாம் முதல்ல வெடிக்குது.

இன்னொரு விஷயம் நிறைய பேரு யோசிக்கிறதில்ல. வீடு கட்டினதுக்கு அப்புறம் வீட்டுக்கு நடுவுல இருக்குற மண்ணு மேல வெயில் படாது, அங்க ஈரம் ஏறக்குறைய ஒரே அளவா நிக்கும். ஓரத்து மண்ணுதான் கோடையில காஞ்சு இறங்கும், மழையில நனைஞ்சு ஏறும். மூலைகளுக்கு ரெண்டு பக்கமும் வெயில், அதனால மூலைதான் எப்பவும் அதிகமா ஆடும். உங்க விரிசல் மூலை ரூம்ல வந்தது தற்செயல் இல்ல. மொத்த வீடும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கினா விரிசலே வராது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குற வித்தியாசம்தான் சுவரை உடைக்குது. அதனால நம்ம குறி மண்ணைக் காய வைக்கிறதும் இல்ல, ஊற வைக்கிறதும் இல்ல. வருஷம் பூரா, வீட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும், ஈரம் ஒரே அளவுல இருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப விரிசலைப் படிக்கிறது எப்படின்னு சொல்றேன். ஜன்னல் மூலையில இருக்குற சாய்வு விரிசலை நல்லா வெளிச்சம் வெச்சுப் பாருங்க. மேல அகலமா கீழ போகப் போக ஒடுங்கிச்சுன்னா வீட்டு மூலை இறங்குதுன்னு அர்த்தம். கீழ அகலமா மேல ஒடுங்கிச்சுன்னா ஒண்ணு மூலை மேல ஏறுது, இல்லன்னா நடுப்பகுதி இறங்குது. தரையில விரிசலுக்குக் குறுக்கால விரலை வெச்சு இழுத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருந்தா அது காங்கிரீட் காயுறப்ப சுருங்கி வந்த விரிசல், பெருசா பயப்பட வேண்டாம், விரல் ஒரு பக்கம் தட்டுப்பட்டு நின்னா அடியில மண்ணு நகர்ந்திருக்கு. மேல்பரப்புல சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இருந்தா போட்ட அன்னிக்கு வெயில்லயும் காத்துலயும் மேல்தோல் சீக்கிரம் காஞ்சு வந்தது, அழகுக்குறைவு தவிர வேற ஒண்ணுமில்ல. நேர்கோடா, கம்பி போற தடத்துலயே பழுப்புக் கறையோட ஓடினா உள்ள துரு. கோடையில கதவு இழுத்துப் பிடிச்சு மழைக்கு அப்புறம் லேசா மூடிச்சுன்னா, வேற சாட்சியே வேண்டாம், மண்ணுதான்.

அடுத்து விரிசல் தூங்குதா முழிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கணும். இது தெரியாம சரக்கு வாங்கவே கூடாது, ஏன்னா ரெண்டுக்கும் மருந்து வேற. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல குறுக்குக் கோடு போட்டு தேதி எழுதுங்க. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஆணி அடிச்சு, ஆணிக்கு ஆணி தூரத்தை வெர்னியர் காலிப்பர்ல அளந்து நோட்டுல எழுதி வைங்க, மாசம் ஒரு தடவை போதும். கூடவே டியூப் லெவல் (மட்டம் பாக்குற, தண்ணி நிரப்பின டியூப்) வெச்சு வீட்டுக்குள்ள நாலு மூலை, நடு ஹால் எல்லாத்தோட மட்டத்தையும் குறிச்சு வெச்சுடுங்க, பின்னாடி எந்த எஞ்சினியர் வந்தாலும் அந்த நோட்டு அவருக்குப் பெரிய உதவி. குறைஞ்சது ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ரெண்டும் தாண்டணும். ஒரு வருஷம் காத்திருக்கறதான்னு தோணும், ஆனா அந்த ஒரு வருஷத்துல சும்மா இருக்கப் போறதில்ல, தண்ணி வேலையை முடிக்கப் போறோம்.

தண்ணி வேலைன்னா என்ன? மழை பெய்யறப்ப ஒரு தடவை குடையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வாங்க, மொட்டை மாடித் தண்ணி எங்க விழுது, எங்க தேங்குதுன்னு கண்ணால பாருங்க. மாடியில இருந்து இறங்குற பைப் சுவர் ஓரத்துலயே கொட்டுதுன்னா அந்த ஒரு இடத்துல மண்ணு ஊறி உப்பும், பத்தடி தள்ளி மண்ணு காஞ்சு கிடக்கும், வித்தியாசம் அங்கயே ஆரம்பிச்சுடுது. பைப்பை நீட்டி தண்ணியை வீட்டை விட்டு நல்லா தள்ளிக் கொண்டுபோய் விடுங்க. சுவரை ஒட்டின தரை வெளிப்பக்கம் சரிவா இருக்கணும், 3 மீட்டர் தூரத்துக்கு 15 செ.மீ. இறக்கம் இருந்தா நல்லது. செடி வெக்கிறேன்னு சுவர் ஓரமா மண்ணை மேடாக்கி தண்ணி விட்டுக்கிட்டு இருந்தா, அதுவும் ஒரு பக்கம் மட்டும் விட்டா, அதை நிறுத்துங்க.

பைப் லீக்கைக் கட்டாயம் பாக்கணும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு மேல்தொட்டி மட்டத்தைக் குறிச்சு வெச்சு, அந்த நேரத்துல தொட்டிக்குத் தண்ணி ஏறாம பாத்துக்கிட்டு, காலையில பாருங்க, இறங்கியிருந்தா எங்கயோ கசியுது. கழிவுநீர்ப் பைப் இன்னும் மோசம், அது கசிஞ்சா மீட்டர்லயும் தெரியாது தொட்டியிலயும் தெரியாது, சேம்பர் மூடியைத் திறந்து ஒரு பக்கத்தை அடைச்சு தண்ணி நிரப்பி மட்டம் நிக்குதான்னுதான் பாக்கணும். மண்ணு ஆடினா முதல்ல உடையறது இந்தப் பைப்தான், பைப் உடைஞ்சா மண்ணு இன்னும் ஆடும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தீனி போட்டுக்கும்.

மரம் பத்தியும் சொல்லிடுறேன். பெரிய மரம் கோடையில மண்ணுல இருந்து ஏகப்பட்ட தண்ணியை இழுக்கும், அந்தப் பக்கம் வீடு இறங்கும். புதுசா வெக்கிறதா இருந்தா மரம் முழுசா வளந்தா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் வீட்டுல இருந்து தள்ளி வைங்க. ஆனா ஏற்கனவே நிக்கிற பழைய மரத்தை ஆத்திரத்துல ஒரே நாள்ல வெட்டிடாதீங்க. இத்தனை வருஷம் அது இழுத்துக்கிட்டு இருந்த தண்ணி இப்ப மண்ணுலயே தங்கும், மண்ணு வருஷக்கணக்கா மெல்ல உப்பிக்கிட்டே போகும், இறங்கின மூலை இப்ப எதிர்ப்பக்கமா ஏற ஆரம்பிக்கும். கிளையைக் கழிச்சு சின்னதா வெச்சுக்கிறது, மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல வேர் வராம மண்ணுக்குள்ள தடுப்பு இறக்குறது, இது ரெண்டும்தான் பத்திரமான வழி.

கோடையில வீட்டை ஒட்டி மண்ணு பிரிஞ்சு இடைவெளி விடும், சில இடத்துல ஸ்கேல் முழுசா உள்ள போற அளவுக்கு. அதைப் பாத்ததும் எல்லாரும் பண்றது ரெண்டு, ஒண்ணு ஹோஸ் பைப்பை அதுக்குள்ள சொருகி தண்ணி விடுறது, இல்லன்னா மணல் கொட்டி நிரப்புறது. ரெண்டும் வேண்டாம். அந்தப் பிளவுல ஊத்துற தண்ணி நேரா அஸ்திவாரத்துக்கு அடியில போயிடும், அங்க மட்டும் மண்ணு இளகிடும். மணல் நிரப்பினா மழையில மண்ணு உப்புறப்ப விரியறதுக்கு இடமிருக்காது, சுவரைத் தள்ளும். சுவர்ல இருந்து ஒன்னு, ஒன்னரை அடி தள்ளி சொட்டுநீர்ப் பைப்பை வீட்டைச் சுத்தி ஓட விட்டு, கோடை ஆரம்பிக்கிறப்பவே கொஞ்சம் கொஞ்சமா, எல்லாப் பக்கமும் சமமா ஈரம் குடுங்க. மண்ணு வெடிச்சதுக்கு அப்புறம் ஊத்துறதை விட வெடிக்க விடாம பாத்துக்கிறது சுலபம்.

சரி, தண்ணி கட்டுக்குள்ள வந்துருச்சு, இப்ப காங்கிரீட்டுக்கு வருவோம்.

வண்டி நிறுத்துற தரை ரெண்டு துண்டா இருந்தாலும் ஒவ்வொரு துண்டும் கெட்டியா இருந்து சும்மா இறங்கி மட்டும் இருந்தா, ஓட்டை போட்டு அடியில சிமெண்ட் கலவையோ பாலியூரித்தேன் ஃபோமோ ஏத்தி மட்டத்துக்குத் தூக்கலாம். நல்ல முறைதான், ஆனா அடியில இருக்குற களிமண் அப்படியேதான் இருக்கும், தண்ணிப் பிரச்சனையை விட்டுட்டு இதை மட்டும் பண்ணினா திரும்ப இறங்கும். தரை பல துண்டா நொறுங்கியிருந்தா உடைச்சு எடுத்துட்டுப் புதுசா போடுறதுதான் சரி, ஒட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க.

புதுசா போடுறப்ப அடித்தளத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. களிமண்ணை ஒரு அடியாவது தோண்டி எடுத்துட்டு உப்பாத கிராவல் மண்ணு போட்டு, 15 செ.மீ. 15 செ.மீ. அடுக்கா, லேசா நனைச்சு, மெஷின் வெச்சுத் திமிசு போடணும். வெறும் ஆத்து மணலை நிரப்பாதீங்க, சுத்தி களிமண் இருக்குறப்ப நடுவுல மணல் குழி வெட்டினா மழைத்தண்ணி பூரா அந்தக் குழியில வந்து தேங்கி அடியில இருக்குற களிமண்ணை ஊற வெச்சுக்கிட்டே இருக்கும். தோண்டி எடுக்க வழி இல்லன்னா களிமண்ணோடயே சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம், காஞ்ச மண்ணு எடையில 4ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் போடுறது வழக்கம், சுண்ணாம்பு களிமண்ணோட குணத்தையே மாத்தி உப்புறதைக் குறைச்சுடும். ஆனா மண்ணுல சல்ஃபேட் உப்பு இருந்தா சுண்ணாம்பு சேந்ததும் எட்ரிங்கைட்னு ஒரு படிகம் உருவாகி முன்னைவிட மோசமா உப்பும், அதனால மண்ணைச் சோதிச்சுப் பாக்காம சுண்ணாம்பு பக்கம் போகாதீங்க.

நடக்கிற இடத்துக்கு 10 செ.மீ. கனம், கார் ஏறுற இடத்துக்கு 12.5ல இருந்து 15 செ.மீ. கம்பி வலை தரையில படுத்துக் கிடக்கக்கூடாது, கவர் பிளாக்னு சின்னச் சிமெண்ட் கட்டையை அடியில வெச்சுத் தூக்கி ஸ்லாப்போட மேல் பாதியில நிக்கணும். காங்கிரீட்டைக் கொட்டிட்டு வலையைக் கொக்கி போட்டு மேல இழுத்துக்கலாம்னு சொல்வாங்க, இழுத்த இடத்துல நிக்காது, மிதிச்சதும் திரும்பக் கீழ போயிடும். ஜாயின்ட்னா, காங்கிரீட் சுருங்குறப்ப அந்தக் கோட்டுலயே நேரா வெடிக்கட்டும்னு போடுற வெட்டு, அதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, ஸ்லாப் கனத்தைப் போல 24ல இருந்து 30 மடங்கு தூரத்துக்கு ஒண்ணு, அதாவது 10 செ.மீ. ஸ்லாப்புக்கு 2.4ல இருந்து 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் கனத்துல கால்வாசி. வெயில் ஊர்ல இந்த வெட்டை அன்னிக்கே போட்டுடணும், நாளைக்கு மெஷின் வரும்னு விட்டா காங்கிரீட் தனக்குப் பிடிச்ச இடத்துல தானே வெடிச்சுக்கும். வீட்டுச் சுவரும் தரையும் சேர்ற இடத்துல 12 மி.மீ. நுரை போர்டு வெச்சுப் பிரிச்சு விடுங்க, கம்பியால கோத்துடாதீங்க. வீடு ஒரு கணக்குல ஆடும், தரை வேற கணக்குல ஆடும், ரெண்டையும் கட்டிப் போட்டா ஒண்ணு இன்னொண்ணை உடைக்கும்.

கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணி, மணல்ல இருக்குற ஈரத்தையும் சேத்து. வெயில்ல கலவை சீக்கிரம் இறுகுதுன்னு நடுவுல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துவாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் போகுது. அப்படி ஊத்தின தண்ணி பின்னாடி ஆவியாகிப் போயி அந்த இடத்துல எல்லாம் நுண்துளையை விட்டுட்டுப் போகும், பலம் குறையும், சுருக்கம் கூடும், மேல்பரப்பு மாவு மாதிரி உதிரும். இளக்கம் வேணும்னா பிளாஸ்டிசைசர்னு கலவையை இளக்குற சரக்கு இருக்கு, அதைச் சேத்துக்கங்க, தண்ணி சேக்காதீங்க.

கொட்டுற நேரம் விடிகாலை, இல்லன்னா சாயங்காலம். காங்கிரீட்டோட சூடு 32 டிகிரியைத் தாண்டாம பாத்துக்கிட்டா நல்லது, அதுக்கு ஜல்லியை முந்தின நாளே நிழல்ல போட்டு தண்ணி தெளிச்சு வைங்க, கலக்குற தண்ணி வெயில்ல கிடக்குற டிரம்ல இருந்து வரக்கூடாது. அடித்தரையை நனைச்சு வைங்க, தேங்கி நிக்க விடாதீங்க. வெயிலைவிடக் காத்து ஆபத்து, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஒரு சதுர மீட்டர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்கு 1 கிலோ தண்ணிக்கு மேல ஆவியாச்சுன்னா மேல்தோல் கிழிய ஆரம்பிச்சுடும், மேகமூட்டமான நாள்லயும் காத்து அடிச்சா அது நடக்கும். காத்து வர்ற பக்கம் தார்ப்பாய் கட்டுங்க, பூச்சு முடியற வரைக்கும் மேல பனி மாதிரி மெல்லிசா தண்ணி தெளிங்க. இறுகுறதுக்கு முன்னாடி மெல்லிசா கீறல் தெரிஞ்சா பதற வேண்டாம், இன்னும் பச்சையா இருக்குறப்பவே மட்டப்பலகை வெச்சுத் தேச்சு மூடிடலாம், அது இறுகினதுக்கு அப்புறம் முடியாது.

அப்புறம் க்யூரிங், அதாவது போட்ட காங்கிரீட்டைக் காய விடாம ஈரமா வெச்சுக்கிறது. ஈரச் சாக்கைப் போட்டு அதுக்கு மேல பாலித்தீன் விரிங்க, சாதா சிமெண்ட்டுக்கு 10 நாள், ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த சிமெண்ட்டுக்கு 14 நாள். காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை தண்ணி அடிச்சா போதும்னு விட்டீங்கன்னா நடுவுல மத்தியானம் அது சுட்டுக் காஞ்சு போயிடும், நனையறதும் காயறதுமா மாறி மாறி வந்தா அதுவே புதுசா வெடிப்பைக் கொண்டுவரும். மத்தியான வெயில்ல கொதிச்சுக் கிடக்குற ஸ்லாப் மேல ஜில்லுனு தண்ணி ஊத்துறதும் தப்பு.

இப்ப உங்க பூச்சு ஏன் கழண்டுச்சுங்கிற விஷயத்துக்கு வருவோம். உடைஞ்ச இடத்தைச் சுத்தி ஓரத்துல ஒண்ணுமே இல்லாத அளவுக்கு மெல்லிசா இழுத்துப் பூசியிருப்பாங்க, அந்த மெல்லிசு ஓரம்தான் முதல்ல காஞ்சு கிளம்பும். அதனால கட்டர் மெஷின் வெச்சு ஓரத்தை செங்குத்தா குறைஞ்சது 10 மி.மீ. ஆழத்துக்கு சதுரமா வெட்டுங்க. சுத்தியலால தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வந்தா நல்ல காங்கிரீட், பொத்துனு கேட்டா உள்ள பிரிஞ்சிருக்கு, கணீர் சத்தம் வர்ற வரைக்கும் கொத்தி எடுங்க. கம்பி பிரஷ் போட்டுத் தூசியைத் துடைச்சு, கழுவி, ராத்திரி முழுக்க ஈரச் சாக்கு போட்டு ஊற வைங்க. பூசுறப்ப பழைய காங்கிரீட் உள்ள ஈரமா இருக்கணும், மேல தண்ணி மினுமினுன்னு நிக்கக்கூடாது. காஞ்ச சூடான பழைய காங்கிரீட் புதுக் கலவையில இருக்குற தண்ணியை உறிஞ்சுடும், சிமெண்ட் இறுகத் தண்ணி இருக்காது, அதான் கையில எடுத்தா அப்படியே பாளமா வருது.

எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ்னு பால் மாதிரி ஒரு ஒட்டுத் திரவம் இருக்கு, அதையும் சிமெண்ட்டையும் கலந்து பிரஷ்ல தேயுங்க, அது பிசுபிசுன்னு இருக்குறப்பவே கலவையை வெச்சு அழுத்திடணும். வெயில்ல இது நிமிஷத்துல காஞ்சுடும், அதனால எவ்வளவு இடத்துக்கு உடனே கலவை வெக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் தேய்க்கணும். காஞ்சு போன லேட்டக்ஸ் பூச்சு ரெண்டு பரப்பையும் பிரிச்சு வெக்கிற தோலா மாறிடும், அதுக்கு அடிக்காமலே இருந்திருக்கலாம். காஞ்சுட்டா சுரண்டிட்டுத் திரும்ப அடிங்க. சின்ன ஒட்டு பெரிய ஸ்லாப்பை விட சீக்கிரம் காயும்கிறதால அதுக்குத்தான் க்யூரிங் இன்னும் கவனமா வேணும், ஆனா அதை யாரும் மூடி வெக்கிறதே இல்ல.

சன்ஷேடு கதை வேற. நல்ல காங்கிரீட்டோட பிஹெச், அதாவது காரத்தைக் காட்டுற அளவு, 12.5க்கு மேல இருக்கும், அந்தக் காரத்துல கம்பி துருப்பிடிக்காது. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ள போயி அந்தக் காரத்தைக் குறைக்கும், பிஹெச் 9 பக்கம் வந்துட்டா கம்பிக்குப் பாதுகாப்பு போச்சு. துரு இரும்பைவிட 2ல இருந்து 6 மடங்கு இடம் பிடிக்கும், அது தள்ளுற தள்ளுலதான் அடிக் காங்கிரீட் பிளந்து விழுது. புதுசா உடைச்ச பரப்புல பினாப்தலீன் கரைசலைத் தெளிச்சா காரம் இருக்குற இடம் ரோஸ் கலராகும், போன இடம் அப்படியே இருக்கும், எவ்வளவு ஆழம் கெட்டிருக்குன்னு கண்ணுக்கு நேரா தெரிஞ்சுடும்.

தெரியற கம்பி மேல மட்டும் பெயின்ட் அடிச்சுப் பூசினா பிரயோஜனமே இல்ல. கம்பிக்குப் பின்னாடியும் விரல் போற அளவுக்கு, 20ல இருந்து 25 மி.மீ., கொத்தி எடுக்கணும், துரு இல்லாத கம்பி தெரியற வரைக்கும் நீளவாக்குலயும் போகணும். கம்பி பளபளன்னு ஆகுற அளவுக்குத் தேச்சு, துத்தநாக பிரைமர் அடிச்சு, பாலிமர் சேத்த சிமெண்ட் கலவையை அடுக்கு அடுக்கா ஏத்துங்க. கம்பி ரொம்ப இளைச்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேக்கணும், அதை எஞ்சினியர் சொல்ற அளவுல பண்ணுங்க. உப்புத் தண்ணியில கலந்து போட்ட காங்கிரீட்டா இருந்தா இன்னொரு சிக்கல் உண்டு, ஒட்டுப் போட்ட இடம் நல்லாயிடும், அதுக்குப் பக்கத்துல இருக்குற பழைய பகுதி முன்னைவிட வேகமா துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதனால உப்பு இருக்கான்னு முதல்லயே சோதிச்சுட்டு, இருந்தா அந்த சன்ஷேடை முழுசா எடுத்துட்டுப் போடுறதைப் பத்தி யோசிங்க. கொத்துறப்ப அடியில முட்டுக் குடுக்காம கொத்தாதீங்க, பீமா தூணா இருந்தா எஞ்சினியர் இல்லாம உளியே வெக்காதீங்க.

ஜன்னல் விரிசலுக்கு உங்க நோட்டு என்ன சொல்லுதுன்னு பாத்துதான் மருந்து. வருஷம் பூரா அளவு மாறலன்னா தூங்குற விரிசல், காங்கிரீட்ல இருந்தா எபாக்ஸிங்கிற கெட்டிப் பசையை உள்ள ஏத்துற இன்ஜெக்‌ஷன் போடலாம், செங்கல் சுவர்னா ஜாயின்ட்டை ஆழமா சுரண்டி விரிசலுக்குக் குறுக்கால கம்பி வெச்சுத் தைக்கலாம். கோடையில திறந்து மழையில மூடிச்சுன்னா அது முழிச்சிருக்கு, அதுல எபாக்ஸியோ சிமெண்ட்டோ கெட்டியான எதையும் வெக்காதீங்க. கோடையில விரிசல் முழுசா திறந்திருக்கப்ப கெட்டியா அடைச்சுட்டீங்கன்னா மழையில மூட இடமிருக்காது, பக்கத்துல புதுசா ஒண்ணு பிளக்கும். உங்களுக்கு நடந்ததுல பாதி இதுதான். அந்த மாதிரி விரிசலைக் கொஞ்சம் அகலமா வெட்டி, உள்ள நுரைக் கயிறு வெச்சு, அதுக்கு மேல பாலியூரித்தேன் சீலன்ட் அடிங்க, சீலன்ட்டோட ஆழம் அகலத்துல பாதி இருந்தா போதும், ரொம்ப ஆழமா நிரப்பினா இழுபடாது கிழிஞ்சுடும். அடிக்கிற நேரம் விரிசல் பாதி திறந்திருக்குற சீசனா இருக்கட்டும், அப்பதான் ரெண்டு பக்கமும் ஆடுறதுக்கு அதுக்கு இடம் கிடைக்கும்.

விரிசல் 5 மி.மீ. தாண்டிடுச்சு, தண்ணி வேலை எல்லாம் முடிச்சும் மாசா மாசம் கூடிக்கிட்டே போகுது, தூண்லயோ பீம்லயோ சாய்வா ஓடுதுன்னா, இங்க படிச்சதை எல்லாம் ஓரமா வெச்சுட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்க. மண்ணு டெஸ்ட் கேளுங்க, அதுல ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ்னு ஒண்ணு வரும், 10 கிராம் மண்ணுத் தூளைத் தண்ணியில ஒண்ணு மண்ணெண்ணெயில ஒண்ணு போட்டு ஒரு நாள் விட்டு, தண்ணியில எவ்வளவு அதிகமா உப்பியிருக்குன்னு பாப்பாங்க, 50 சதவீதத்தைத் தாண்டினா விளையாட்டு இல்ல. அஸ்திவாரத்துக்கு அடியில பைல், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா போற தூண், இறக்கணும்னு சொன்னாங்கன்னா, அது மண்ணு ஆடுற ஆழத்தைத் தாண்டிக் கீழ போகுதான்னு கேளுங்க, ஒரு மூலைக்கு மட்டும் போடச் சொன்னா மத்த மூணு மூலையும் ஆடுறப்ப அது மட்டும் ஆடாம நின்னா என்ன ஆகும்னும் கேளுங்க. நல்ல எஞ்சினியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டாரு.

கடைசியா உங்க வாசப்படி. அது விலகி நிக்கிறதைப் பாத்துட்டு கம்பி ஓட்டை போட்டு சுவரோட சேத்துக் கட்டிடலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. படி தனியா, சின்ன எடையில, ஆழமில்லாத அடித்தளத்துல நிக்குது, அது ஆடத்தான் செய்யும், கட்டினா சுவரையும் சேத்து இழுக்கும். அந்த இடைவெளியில கிடக்குற பழைய சிமெண்ட் துண்டு, ஜல்லி எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு நுரைக் கயிறு வெச்சு சீலன்ட் அடிங்க, மழைத்தண்ணி உள்ள இறங்காம இருந்தா போதும். சீலன்ட் சில வருஷத்துல வெயில்ல விறைச்சுடும், அப்ப பிச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிச்சுக்கலாம், அது ஒரு மத்தியான வேலைதான்.